ஏலமலைத் தொழிலாளர் உடல்வலி: இயன்முறை மருத்துவ வரலாற்றின் பின்னணியில் ஓர் ஆய்வு

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் கூலித் தொழிலாளர்களின் இடுப்புவலியும் முழங்கால்வலியும் தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை என்றே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மாத்திரை, ஊசி, எண்ணெய்த் தேய்ப்பு, சுளுக்கெடுப்பு ஆகியவற்றோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது. இதற்கு மருத்துவ அறிவின் போதாமையோ தொழிலாளரின் அறியாமையோ காரணமன்று. இயன்முறை மருத்துவத்தின் வரலாற்றைப் பார்த்தால், அடிபட்ட உடலுக்கு ஏதேனும் ஓர் அமைப்பு பொறுப்பேற்ற இடங்களிலேயே அது வளர்ந்திருக்கிறது. ஏலமலைச் சரிவில் மெல்ல மெல்லத் தேயும் உடலுக்கு அப்படி ஒரு பொறுப்பாளி இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொறுப்பேற்றவர்களும் வளர்ந்த மருத்துவமும்

1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய அரச உடற்பயிற்சி நிலையமும், 1894இல் லண்டனில் நான்கு செவிலியர் நிறுவிய பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர் சங்கமும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. அதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியது முதல் உலகப்போர். காயம்பட்ட வீரனை மீண்டும் நடமாட வைக்கும் கடமை அரசின் தலையில் விழுந்தது. இந்தியாவில் அந்த இடத்தில் நின்றது இளம்பிள்ளை வாதம். 1952இல் பம்பாயில் அந்நோய் பரவியதைத் தொடர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1953இல் கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். இடம் மாற்றிய தசைக்குப் புது வேலையைக் கற்றுத்தரப் பயிற்சி தேவைப்பட்டதால், அறுவைக்கூடத்துக்குச் சமமான இடம் பயிற்சிக்கூடத்துக்கும் கிடைத்தது. குணமானவர்கள் அங்கே தச்சுவேலையும் கற்றனர். உணர்ச்சியற்ற கைக்குத் தோதாகக் கருவிகளின் பிடியும் மாற்றப்பட்டது. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், பின்னர் அதே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். அங்கு மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. போரானாலும் நோயானாலும் விபத்தானாலும், பாதிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. பொறுப்பு யாருடையது என்பதும் தெரிந்தது.

வலி பற்றிய அறிவும் இதே காலத்தில் திசை மாறியது. 1965இல் ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு, தண்டுவடத்திலேயே வலிச் செய்தி கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்றது. அதன்பின் வலியின் அளவையும் திசுச் சேதத்தின் அளவையும் ஒன்றாகக் கொள்ள முடியவில்லை. முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வே மருந்து என்ற நம்பிக்கையை 1986இல் ரிச்சர்ட் டெயோவும் சகாக்களும் சோதித்தனர். 7 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்களைவிட 2 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் 45 சதவீதம் குறைவான வேலைநாட்களையே இழந்தனர். 2023இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கென வெளியிட்ட வழிகாட்டி, விளக்கக் கல்வி, உடற்பயிற்சி, மசாஜ் முதலியவற்றை ஏற்கிறது. இழுவைச் சிகிச்சை, இடுப்புப்பட்டை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. சுருங்கச் சொன்னால், நோயாளி கிடக்க மருத்துவர் செய்வது என்ற நிலையிலிருந்து, நோயாளி செய்ய மருத்துவர் வழிகாட்டுவது என்ற நிலைக்குத் துறை வந்திருக்கிறது. நாட்கூலியை இழக்க முடியாதவருக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் இல்லை. ஆனால் மலைச்சரிவில் அது இன்னும் காலூன்றவில்லை.

சரிவில் நிகழ்வது

ஏலச்செடியின் சரம் தூரின் அடியிலிருந்து கிளம்புகிறது. மலபார் வகையில் அது மண்ணில் படரும்; மைசூர் வகையில் நிமிரும்; வழுக்கை வகையில் பாதி சாய்ந்து நிற்கும். எந்த வகையானாலும் காய் எடுப்பவர் குனிந்தோ குந்தியோதான் ஆகவேண்டும். வழுக்கை வகையிலிருந்து ஓர் உழவர் தெரிந்தெடுத்த ஞள்ளானி பரவியபின் விளைச்சல் பெருகியது. பெருகிய காய் ஒவ்வொன்றையும் எடுத்தது மனிதக் கைதான். நெடுநேரம் குனிந்திருக்கையில் முதுகெலும்பைப் பிணைக்கும் நார்கள் மெல்ல இழுபடுகின்றன. நிமிர்ந்த உடனே பழைய இறுக்கம் திரும்புவதில்லை. அந்தத் தளர்ந்த நிலையிலேயே மூட்டையைத் தூக்கினால் சுமை நேரே முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளில் இறங்குகிறது. சரிவில் இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. இந்தக் காயத்துக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே இழப்பீடு கேட்கும் படிவத்தில் அதை எழுதவும் வழியில்லை.

சட்டத்தின் கண்ணும் இங்கே மெதுவாகவே திறந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதியை உரிமையாக்கிய 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலில் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகியவற்றையே பெயர் சொல்லிக் குறித்தது. 1981 திருத்தமே ஏலத்தைச் சேர்த்தது. அதிலும் 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளரும் என்ற வரம்பு இருந்தது. அதற்குட்படாத சிறுதோட்டங்கள் வெளியே நின்றன. தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்போரை மனத்தில் வைத்து எழுந்த அந்த ஏற்பாடு, காலையில் தமிழ்நாட்டிலிருந்து ஏறி மாலையில் இறங்குபவருக்குப் பொருந்தவும் இல்லை. வேலை கேரளத்தில், வீடு தேனி மாவட்டத்தில்; வலி மட்டும் எல்லைச் சாவடியைத் தாண்டி இரு பக்கமும் போய்வருகிறது.

மறுப்புகளும் விடைகளும்

நாள் முழுதும் உழைப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்பது முதல் மறுப்பு. உழைப்பு ஒரே தசைகளை ஒரே நிலையில் ஓய்வின்றி இழுக்கிறது. வலிக்கும் நாளில் அதன் அளவைக் குறைக்கவும் விடுவதில்லை. சிகிச்சைப் பயிற்சியோ வேலை தொடாத தசைகளுக்கு, தாங்கும் அளவில், படிப்படியாகச் சுமை ஏற்றுகிறது. எண்ணெய்த் தேய்ப்பும் ஒத்தடமும் போதாவா என்பது இரண்டாவது. அவை தற்காலிக நிம்மதி தருவதை மறுக்க வேண்டியதில்லை. பயிற்சியைத் தொடங்க அந்த நிம்மதி உதவவும் கூடும். ஆனால் மறுநாள் குனியும் திறனை அவை கூட்டுவதில்லை. மூன்றாவது மறுப்பே கனமானது: கோளாறு வேலை முறையில் இருக்க, தொழிலாளியின் முதுகைத் திருத்தப் புறப்படுவது பழியை அவர் மேலேயே சுமத்துவதாகாதா? பயிற்சித்தாளைக் கையில் கொடுத்து அனுப்பும் மருத்துவத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். வேலூர் மரபுக்குப் பொருந்தாது. அங்கே கையும் திருத்தப்பட்டது, கருவியும் திருத்தப்பட்டது. அதே நெறியில் களையெடுப்பு, கவாத்து, காய் எடுப்பு ஆகியவற்றை ஒரே நாளில் மாற்றி மாற்றித் தருவதும், மூட்டையின் எடைக்கு வரம்பு வைப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

முடிவுரை

2021 ஆகஸ்ட் 5இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறை சிகிச்சையை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்று முதன்முறையாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பகலில் வீடு தேடி வரும் சேவை, பகலெல்லாம் மலையில் இருப்பவரைக் காண்பதில்லை. போடியில் மாலைநேரச் சிகிச்சை, தொழிலாளரை மலைக்கு ஏற்றிச் செல்லும் ஜீப் புறப்படும் இடத்திலேயே தொடக்கப் பரிசோதனை, தோட்ட உரிமையாளரும் இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் செலவைப் பகிரும் ஏற்பாடு ஆகிய மூன்றும் புதிய கண்டுபிடிப்பு எதையும் கோருவன அல்ல. வெற்றியை அளக்கும் கோலும் மாறவேண்டும்: வலி எவ்வளவு தணிந்தது என்பதோடு, தொழிலாளி எத்தனை மாதம் கூலி இழக்காமல் வேலையில் நீடித்தார் என்பதும் கணக்கில் வரவேண்டும். அந்தக் கணக்கை யார் வைப்பது என்பது முடிவாகும் வரை, சிகிச்சை முறைகள் எவ்வளவு வளர்ந்தாலும் ஏலமலைக்கு அவற்றால் பயன் சொற்பமே.