விரல்நுனியில் வாழும் அறிவு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் வேளையில் நின்று பார்த்தால், இளைஞர்கள் அணியணியாக ஆலைகளுக்குள் செல்வதைக் காணலாம். அங்கே அளப்பதும் அறுப்பதும் பெரும்பாலும் இயந்திரங்களின் வேலை. அவற்றைக் கவனித்து நிற்பதே மனிதனின் வேலை. இத்தகைய இளைஞர் சிலர் ஞாயிறன்று நம் ஆலயங்களில் கிதார் மீட்டுகின்றனர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்ததோடு, தகுதியுள்ள பிற கருவிகளுக்கும் வழி திறந்தது. அவ்வழியே நம் பாடகர் குழுவுக்குள் வந்த கிதார் எப்படிப் பிறந்தது என்று நாம் எண்ணியதுண்டா?

இன்றைய செவ்வியல் கிதாரின் வடிவைப் பெரும்பாலும் வகுத்தவர் ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892). பன்னிரண்டு வயதிலேயே தச்சுத்தொழில் பயிலத் தொடங்கியவர் அவர். கிதாரின் உயிர் அதன் முகப்பலகையில்தான் உள்ளது என்பது அவர் துணிபு. அதை மெய்ப்பிக்க 1862ஆம் ஆண்டில், பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழால் அமைத்து, முகப்பை மட்டும் நல்ல மரத்தால் செய்து ஒரு கிதாரை உருவாக்கினார். அது இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவருடைய நண்பராகிய குரு ஒருவர், இக்கலையின் இரகசியத்தைப் பின்வருவோருக்கு விட்டுச்செல்லுமாறு ஒருமுறை வேண்டினார். அது இயலாது என்றார் தோர்ரெஸ். பெருவிரலும் சுட்டுவிரலும் பலகையைத் தொட்டு அறிவுக்குச் சொல்லும் செய்தியே தம் இரகசியம் என்றும், அது தம்மோடு கல்லறைக்குச் செல்லும் என்றும் விடையளித்தார்.

இது தற்பெருமை அன்று. ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும் ஒரே விறைப்பு உடையவை அல்ல. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கப்படும் முகப்பலகையை, வளைத்துப் பார்த்தும் தட்டிக் கேட்டும்தான் எங்கே நிறுத்துவது என முடிவு செய்ய வேண்டும். சற்றே கூடினால் ஓசை அடங்கிவிடும். சற்றே குறைந்தால் நரம்புகளின் இழுப்பைப் பலகை தாங்காது. தோர்ரெஸின் கிதார்களைப் பின்வந்தோர் அளந்தனர், அவ்வாறே செய்தனர். அளவு கைமாறியது. விரலின் உணர்வையோ ஒவ்வொருவரும் தாமே புதிதாகத் தேடவேண்டியதாயிற்று.

சிறு பட்டறையில் கிதார் செய்யப் பழகுவோரின் பாடமும் இதுவே. உளியைத் தீட்டப் பழகுவது முதற்படி. நனைத்த மெல்லிய பலகையைச் சூடான குழாயின்மேல் வைத்து, முறியாமல் வளைப்பது அடுத்த படி. முறிந்த பலகைதான் அங்கே ஆசான்.

இது நமக்கு அயலான கலையும் அன்று. உலகெங்கும் கிதார்களின் பின்புறமாகவும் பக்கங்களாகவும் அமைவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தஞ்சையில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்வோர், மெழுகுப் பரப்பின்மேல் இருபத்துநான்கு மெட்டுகளையும் செவியாலேயே நிறுத்துகின்றனர். தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், கையைக் காக்காது. அருகில் அமர்ந்து கற்க ஒருவர் வந்தால்தான் கை பிழைக்கும்.

நம் ஆண்டவரை அவருடைய ஊரார் "தச்சர்" என்றே அழைத்தனர் என மாற்கு நற்செய்தி கூறுகிறது. அப்பெயரை அவர்கள் இகழ்ச்சியாகச் சொல்லியிருக்கலாம். நமக்கோ அது பெருமை. நாசரேத்துப் பட்டறையிலும் ஒரு கை மற்றொரு கைக்குக் கற்றுத் தந்திருக்கும். கைத்தொழில் கற்க விழையும் பிள்ளையை, "படிப்பு வராதவன்" என்று ஒதுக்கும் வழக்கம் நம் கத்தோலிக்க இல்லங்களிலும் உண்டு. அவ்வாறு ஒதுக்கும்போது, எந்த ஏட்டிலும் எழுத இயலாத ஓர் அறிவை நாமே கல்லறைக்கு அனுப்புகிறோம்.