கரண்டுக்கும் ஒரு மூணாறு தலைப்பு

நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்பு தெரியுமில்லையா? வெண்ணாறு அங்கதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரியுது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கணும்கிறதுலதான் கடைமடைக்காரன் பிழைப்பே இருக்கு. இப்ப வீட்டு கரண்டும் அதே கதைதான் மக்களே: பேனல், பேட்டரி, ஈ.பி. லைன்.

2008ல ஆரம்பிச்ச மின்வெட்டு 2012ல உச்சத்துக்குப் போனப்ப வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துச்சு. அதே வருஷம் தமிழக அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டுது. அடுத்த பாடம், 2018 நவம்பர் 16, கஜா. லட்சத்துக்கு மேல கம்பங்கள் போய், டெல்டா நாள்கணக்கா இருட்டுல கிடந்துச்சு. இன்வெர்ட்டர் ஒரு ராத்திரியோட சரி, நிரப்ப லைன் வேணுமே!

சோலார் இருந்தா தப்பிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் சூட்சுமம். பேட்டரி இல்லாம லைனோட மட்டும் இணைஞ்ச சோலார், லைன் போனா தானும் நின்னுடும். கம்பத்துல வேலை பாக்குறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. வெயில் கொளுத்தும், ஃபேன் ஓடாது :-(

2024ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு நிறைய பேர் பேனல் போடுறாங்க. நல்லதுதான். ஆனா பேட்டரியையும் கணக்குல வைங்க. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். ஈய பேட்டரியில இருக்கிறது 1.8 யூனிட், பாதிக்கு மேல இழுத்தா ஆயுசு குறையும். ஐப்பசி, கார்த்திகையில அதை எப்பவும் நிரப்பியே வச்சிருங்க. ஆத்துல தண்ணி ஓடுறப்பவே குளத்தை நிரப்பிக்கிறது நம்மூருக்குப் புதுசா என்ன?