செக்கு வைத்திருக்கும் விவசாயிகள் கவனத்துக்கு: கையிருப்புச் சரக்கை வரிக் கணக்கில் எழுதுவது எப்படி?

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் உள்ள தெள்ளார் வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் முக்கியப் பயிர்கள். விளைந்த மல்லாட்டையை அப்படியே விற்காமல் எண்ணெயாக ஆட்டி விற்கும் விவசாயிகள் இப்போது கூடிவருகிறார்கள். சிலர் மாட்டுப் பண்ணையும் சிலர் நாற்றங்காலும் வைத்திருக்கிறார்கள். ஆரணிப் பக்கம் உறவுள்ள குடும்பங்களில் பட்டுத் தறியும் உண்டு.

வயலில் வரும் வருமானத்துக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொருள் செக்குக்குள் போன பிறகு நடப்பது வியாபாரம். அங்கே ஆண்டு முடிவில் மீதி இருக்கும் பருப்பு, எண்ணெய், பாட்டில், சாக்கு ஆகியவற்றை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து லாபம் நஷ்டமாகத் தெரியும். நஷ்டம் லாபமாகவும் தெரியும். வங்கிக் கடன் கேட்கும்போதும் வரி அலுவலகத்திலிருந்து கேள்வி வரும்போதும் இந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

எது விவசாயம், எது வியாபாரம்?

விளைந்த பொருளைச் சந்தைக்கு ஏற்றபடி காயவைப்பது, தூற்றுவது, தோல் உடைப்பது போன்றவை விவசாயத்தோடு சேர்ந்தவை. நிலக்கடலைக்கு ஏற்கெனவே சந்தை இருப்பதால், அதை எண்ணெயாக மாற்றி ஈட்டும் கூடுதல் லாபம் வியாபார வருமானம் ஆகும்.

நாற்றங்காலில் வளர்த்த நாற்றுகள், கன்றுகளை விற்று வரும் வருமானம் விவசாய வருமானமே. பால் விற்பனை அப்படி அல்ல. பட்டுக்கூடும் அப்படி அல்ல. சொந்த நிலத்தில் மல்பெரி வளர்த்து, அந்த இலையைப் புழுவுக்குப் போட்டுக் கூடு எடுத்து விற்றாலும் அது விவசாய வருமானம் ஆகாது என்று கே. லட்சுமணன் அண்டு கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மல்பெரி இலை விளைபொருள், பட்டுக்கூடு விளைபொருள் அல்ல என்பதே அதன் சாரம்.

சொந்த விளைச்சலுக்கு என்ன விலை போடுவது?

பலர் தவறவிடும் இடம் இது. வெளியில் வாங்கிய பருப்புக்கு ரசீது இருக்கும், அதைச் செலவில் எழுதிவிடுவார்கள். சொந்த வயலில் விளைந்ததற்குப் பணம் கொடுக்கவில்லை என்பதால் ஒன்றும் எழுதமாட்டார்கள். அப்படி விட்டால், வரி இல்லாத விவசாய வருமானம் முழுவதும் வியாபார லாபத்துக்குள் போய்விடும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் 7ஆம் விதி இதற்கு வழி சொல்கிறது. நீங்கள் விளைவித்த பொருளை உங்கள் தொழிலுக்கே மூலப்பொருளாகப் பயன்படுத்தினால், அதன் சந்தை மதிப்பை வியாபாரக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்த பிறகு உழவு, விதை, உரம், களையெடுப்பு ஆகிய சாகுபடிச் செலவுகளை மறுபடியும் வியாபாரத்தில் கழிக்க முடியாது.

சந்தை மதிப்பு என்பது அந்த ஆண்டில் அப்பொருள் விற்ற சராசரி விலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விலைச் சீட்டுகளை மாதம் ஒன்றாவது வாங்கிக் கோப்பில் வையுங்கள். இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருகிறது. பிரிவு எண்களும் விதி எண்களும் மாறும். விவசாய வருமானத்துக்கான விலக்கு புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

இருப்புக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

கணக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஒரு சிறிய செக்கின் கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம்.

1. தொடக்க இருப்பு (ஏப்ரல் 1): பருப்பு 200 கிலோ 20,000 ரூபாய், எண்ணெய் 50 லிட்டர் 11,000 ரூபாய், பாட்டில், லேபிள், சாக்கு 5,000 ரூபாய். மொத்தம் 36,000 ரூபாய்.

2. ஆண்டில் சேர்ந்தது: வெளியில் வாங்கிய பருப்பு 3,000 கிலோ 3,00,000 ரூபாய்; சொந்த வயல் பருப்பு 1,500 கிலோ, சந்தை மதிப்பில் 1,50,000 ரூபாய்; பாட்டில் முதலியவை 25,000 ரூபாய். மொத்தம் 4,75,000 ரூபாய்.

3. இறுதி இருப்பு (மார்ச் 31): பருப்பு 400 கிலோ 40,000 ரூபாய், எண்ணெய் 150 லிட்டர், அடக்க விலை லிட்டருக்கு 220 வீதம் 33,000 ரூபாய், பாட்டில் முதலியவை 7,000 ரூபாய். மொத்தம் 80,000 ரூபாய்.

தொடக்க இருப்பையும் சேர்ந்ததையும் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் 4,31,000 ரூபாய் வருகிறது. இந்த ஆண்டுக்கான சரக்குச் செலவு இதுதான். கூலி, மின்சாரம், வாடகை 69,000 ரூபாய், இயந்திரத் தேய்மானம் 15,000 ரூபாய் சேர்த்தால் மொத்தச் செலவு 5,15,000 ரூபாய். எண்ணெயும் புண்ணாக்கும் விற்ற வரவு 5,60,000 ரூபாய் என்றால் லாபம் 45,000 ரூபாய்.

இதே கணக்கில் இறுதி இருப்பை எழுத மறந்தால் 35,000 ரூபாய் நஷ்டம் என்று வரும். சொந்த வயல் பருப்பை எழுத மறந்தால் லாபம் 1,95,000 ரூபாய் என்று வரும். செக்கு ஒன்றுதான், விற்பனையும் ஒன்றுதான். இரண்டு வரிகள் விட்டுப்போனால் இவ்வளவு வேறுபாடு.

இருப்பை மதிப்பிடும்போது அடக்க விலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைப் போடுங்கள். காறல் அடித்த எண்ணெய், பூசணம் பிடித்த பருப்பு ஆகியவற்றை முழு விலையில் காட்டத் தேவையில்லை. எண்ணெயின் அடக்க விலையைக் கணக்கிடும்போது பருப்பு விலையிலிருந்து புண்ணாக்கின் மதிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டின் இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு. இரண்டும் ஒரே தொகையாக இருக்க வேண்டும்.

செக்கு, மோட்டார், தராசு ஆகியவை சரக்கு அல்ல. அவற்றின் விலையை ஒரே ஆண்டில் செலவாக எழுத முடியாது. பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. அதேபோல, கொட்டகையில் இருக்கும் யூரியா மூட்டையும் விதைக் கடலையும் சாகுபடிக் கணக்கைச் சேர்ந்தவை. அவற்றைச் செக்குக் கணக்கில் கலக்காதீர்கள்.

பிறர் சரக்கு உங்கள் இருப்பு அல்ல

பக்கத்து வீட்டுக்காரர் கூலிக்கு ஆட்டக் கொண்டுவந்த கடலை உங்கள் இடத்தில் இருந்தாலும் உங்கள் இருப்பு ஆகாது. ஆட்டுக்கூலி மட்டுமே உங்கள் வரவு. கூலித் தறிக்கும் இதே முறைதான். முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுத்த பட்டு நூலும் சரிகையும் அவர்களுடையவை. பணம் கொடுத்து வாங்கிய நூல் மட்டுமே நெசவாளரின் இருப்பு. பிறர் சரக்குக்குத் தனி நோட்டு போட்டு, வந்த தேதி, எடை, திருப்பிக் கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

சுருக்க வழி உண்டா?

உண்டு. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ வந்த விற்பனையில் 6 சதவீதமும் லாபம் என்று காட்டலாம். மேலே சொன்ன செக்கு முழுவதும் ரொக்கத்தில் விற்றிருந்தால் 44,800 ரூபாய், முழுவதும் யு.பி.ஐ.யில் விற்றிருந்தால் 33,600 ரூபாய். இந்த வழியில் சென்றால் சரக்குச் செலவு, தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. ஆனாலும் படிவத்தில் மார்ச் 31 இருப்பைக் கேட்பார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் எளிய படிவமான ஐ.டி.ஆர்.-4 பொருந்தாது, ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும்.

இன்னொன்று: விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி, நிகர விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், மற்ற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆகவே இரண்டு கணக்குகளும் தேவை.

ஜி.எஸ்.டி.யில் இருப்பு

சொந்தச் சாகுபடியில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. எண்ணெய் விற்பனைக்கு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. வெளி மாநிலத்துக்கு எண்ணெய் அனுப்பினால் இந்த வரம்பு பொருந்தாது.

வரம்பைத் தாண்டி உரிய காலத்தில் பதிவு செய்பவர்கள், அதற்கு முந்தைய நாள் கையில் இருந்த சரக்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகப் பெறலாம். அதற்கு ஓர் ஆண்டுக்குள் வாங்கிய பில்கள் வேண்டும். எலி தின்றது, திருடு போனது, இலவச மாதிரியாகக் கொடுத்தது ஆகியவற்றுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். இழப்பை அன்றைக்கே நோட்டில் எழுதுவது நல்லது.

இப்போதே செய்ய வேண்டியவை

மார்ச் 31 மாலை செக்கை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எடை போட்டு, எண்ணி, பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வங்கிக்குக் கொடுக்கும் இருப்புப் பட்டியலும் வரிப் படிவத்தில் காட்டும் இருப்பும் ஒன்றாக இருக்கட்டும்.

வயலிலிருந்து செக்குக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: தேதி, எடை, அன்றைய சந்தை விலை.

முறையாகக் கணக்கு எழுதுபவர்கள் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். விளைவித்த விவசாயியிடம் நேரடியாக விளைபொருள் வாங்குவதற்கு இதில் விலக்கு உண்டு. வியாபாரியிடம் வாங்கினால் இல்லை. ஆகவே கடலை கொடுத்த விவசாயியின் பெயர், ஊர், எடை, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அதை ஆண்டு முழுவதும் எழுதிவந்து, படிவம் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.