பல்கேரிய மகளிரின் சேர்ந்திசை

பல்கேரியாவின் ஷோப் வட்டார உழவர் மகளிர் பாடிய அறுவடைப் பாடல்கள் இருகுரல் இசையாய் அமைந்தவை. ஒருத்தி மெட்டைப் பாட, ஏனையோர் தம்பூராச் சுருதிபோல் ஒரே சுரத்தில் நிற்பர். அண்டைச் சுரங்கள் உரசும் அவ்வொலி பிறர் செவிக்குக் கரடுமுரடு, அம்மகளிர்க்கோ மணியோசை.

1951-இல் அரசு நாட்டுப்புற இசைக்குழுவை நிறுவிய பிலிப் குதெவ், ஊர்ப்புறப் பாடகியரைத் தேர்ந்து, அப்பாடல்களைப் பல குரல்களுக்கு விரித்தமைத்தார். அவ்வுரசலை அவர் நீக்கவில்லை, அதனையே அழகாக்கினார். 1952-இல் வானொலியும் மகளிர் குழுவொன்றை அமைத்தது. சுவிட்சர்லாந்தின் மார்செல் செல்லியே 1975-இல் வெளியிட்ட இசைத்தட்டு அக்குரல்களை அயல்நாடுகளுக்கு எடுத்துச் சென்றது. அதன் இரண்டாம் தொகுதி 1990-இல் கிராமி விருது பெற்றது.

எனினும், இப்பேற்றில் ஓர் இழப்பும் உண்டு. வயலில் பாடுவோர் மனம்போல் மாறிய பாட்டு, மேடையில் எழுதிய வடிவில் நிலைத்தது. இசை அமைத்தோர் பெயர் பதிவாயிற்று. முதலில் பாடிய மூதாட்டியர் பலர் பெயரின்றி மறைந்தனர். அவர்தம் உரசொலி மட்டும் மறையவில்லை.