இருபது கிலோமீட்டர்

துவாக்குடி டோல்கேட் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில்தான் மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல்லை லாரி தட்டியது. எட்டு வருஷம் ஆகிறது. முதலில் தூக்கிக்கொண்டு போன தனியார் ஆஸ்பத்திரியில், "ஆக்சிடென்ட் கேஸா? போலீஸ் வரட்டும்" என்று உட்காரவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். அப்புறம், "புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போயிடுங்க" என்று ஒரு சீட்டு. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மாமா பிழைத்தார், வலது கால் பிழைக்கவில்லை. "விதிடா" என்றார் அத்தை.

விதி இல்லை, பழைய வழக்கம் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கார் மோதி அடிபட்ட ஒரு ஸ்கூட்டர்காரரை, 'போலீஸ் கேஸ் நாங்கள் பார்ப்பதில்லை' என்று வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதுவும் இருபது கிலோமீட்டர் தள்ளி. வழியிலேயே இறந்துபோனார். அந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது: முதலில் உயிர், அப்புறம்தான் போலீஸ் சடங்கெல்லாம். அரசு, தனியார் என்று எந்த மருத்துவருக்கும் விலக்கில்லை. மாமா அடிபட்டபோது அந்தத் தீர்ப்புக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வழக்கு வங்காளத்தில். 1992 ஜூலை 8, இரவு 7.45. மதுராபூர் ஸ்டேஷனில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் அடி, மூளையில் ரத்தக்கசிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை. 11.45-க்குக் கல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி: எக்ஸ்ரே எடுத்தார்கள், உடனே சேர்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள், ஆனால் படுக்கை இல்லை. இன்னொன்று, அங்கேயும் இல்லை. இரவு 1 மணிக்கு மூன்றாவது, அப்புறம் நான்காவது. காலை 8 மணிக்கு நரம்பியல் மையத்தில் ஸ்கேனைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்தும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரி, சுமார் 17,000 ரூபாய் செலவு. அவருடைய சங்கமான பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி வழக்குப் போட்டது. பணமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது 1996 மே 6 தீர்ப்பு. 25,000 ரூபாய் இழப்பீடு. தொகை சின்னதுதான். ஆனால் அவசர சிகிச்சை தராததே வாழும் உரிமையை மீறியதாகும் என்று எழுதி வைத்தார்கள். அந்த வழக்கில் விசாரணைக் குழு சொன்ன யோசனைகளில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: நோயாளி வந்த நேரத்தையும் பார்த்த நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வழி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நம்ம திருச்சிக்கு மதுரைக் கிளை. காசு வாங்கும் ஆஸ்பத்திரி என்றால், 1995-இன் வி.பி. சாந்தா தீர்ப்புக்குப் பிறகு நுகர்வோர் வழக்குப் போடலாம். மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள். கிரிமினல் வழக்கு கஷ்டம். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரண கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும் என்று 2002-இலிருந்தே மருத்துவ கவுன்சில் விதி இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. ஐசியூ வாசலில் நிற்கிறவனுக்கு விதி ஞாபகம் வருமா?

2021-இல் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஏற்றது. மாமாவுக்கு அது வந்து சேரவில்லை.

எங்களுக்கு இதெல்லாம் தெரியவந்தபோது இரண்டு வருஷம் எப்போதோ முடிந்திருந்தது. அப்படியும் ஒரு நாள் வக்கீலிடம் காட்டலாமென்று அத்தை பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். மாமா பேர், வயசு, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. நேரம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.