ஒரு நொடிக்கு ஐம்பது வருடப் பஞ்சாயத்து

காலக் கணக்கு – தொடர்

2017 ஜனவரி 1. விடிகாலை 5 மணி 29 நிமிடம் 59 நொடி. அடுத்து 5.30 பிறக்க வேண்டும், பிறக்கவில்லை. இடையில் 60 என்று ஒரு நொடி நுழைந்தது. இந்திய நேரத்தைக் காக்கும் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு அது தெரியும். எங்கள் ஊர் கம்பத்தில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உலகம் கடைசியாகச் சேர்த்த 'லீப் நொடி' அது.

நிலா இழுக்கும் இழுப்பில் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. 1967 முதல் நொடியின் அளவைச் சீசியம் அணு தீர்மானிக்கிறது. அது தளராது. அணுவும் பூமியும் ஒரு நொடிக்கு மேல் விலகிவிடக் கூடாது என்று 1972-ல் லீப் நொடி வந்தது. 2016 முடிவதற்குள் 27 முறை சேர்த்தாயிற்று.

சரி, கடிகாரம் சூரியனோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதுதானே இதன் நோக்கம்? கம்பத்தில் அது எப்போது ஒட்டி நின்றது?

1802-ல் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என்று கணக்கிட்டார். அந்த நேரத்துக்குத்தான் கோட்டையில் இரவு 8 மணிப் பீரங்கி முழங்கியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்த வசதியால் ரயில்வேயும் மெட்ராஸ் நேரத்தையே எடுத்துக்கொண்டது. 1899-ல் வானாய்வுப் பணி நம் பக்கத்து மலையான கொடைக்கானலுக்கு ஏறியபோதும், நேரம் பார்க்கும் வேலை மட்டும் 1931 வரை சென்னையிலேயே தங்கிவிட்டது. கம்பத்தின் சூரியன் மெட்ராஸ் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 12 நிமிடம் பிந்தும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் போடிக்கே 1928-ல்தான் ரயில் வந்தது. அதனால் மெட்ராஸ் நேரம் இங்கே யாரையும் அவசரப்படுத்தியிருக்காது.

1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் அமலானது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே, 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைப்படி. கம்பம் இருப்பதோ 77.3 பாகைக்கு அருகில். பாகைக்கு நான்கு நிமிடம் வைத்துப் பாருங்கள்: வித்தியாசம் 21 நிமிடம்! ஆக, கடிகாரம் 12 அடிக்கும்போது கம்பத்தில் உச்சிவேளை இல்லை. அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும்: பிப்ரவரி நடுவில் 12.35 வரை காத்திருக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் 12.05-க்கே வந்துவிடும். நூறாண்டுக்கு மேலாக இப்படித்தான் சாப்பிடுகிறோம், பள்ளிக்கூடம் போகிறோம். ஒருவரும் வழக்குப் போடவில்லை.

வழக்குப் போட்டவை கம்ப்யூட்டர்கள். நிமிடத்தில் 61-வது நொடியை அவற்றுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. 2012 ஜூலை 1-ல் ஒரு நொடி நுழைந்ததும் பல இணையதளங்கள் முடங்கின. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் நிறுவனத்தின் பயணிப் பதிவு நின்று விமானங்கள் தாமதமாயின. இதை ஒழித்தே தீர வேண்டும் என்றன அமெரிக்காவும் பிரான்சும். கிரீன்விச்சின் சொந்தக்கார பிரிட்டன் விட மனமில்லாமல் இழுத்தது. ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்கள் லீப் நொடியைக் கணக்கில் வைத்தே ஓடுபவை, அதனால் மாஸ்கோ அவகாசம் கேட்டது. 2012-ல் ஜெனீவா வானொலி மாநாட்டில் ஒத்திவைப்பு, 2015-ல் மறுபடியும் ஒத்திவைப்பு. கடைசியில் 2022 நவம்பர் 18-ல் வெர்சாய்ல்சில் கூடிய எடை அளவுகள் மாநாடு, 2035-க்குள் அனுமதிக்கும் விலகலின் அளவைப் பெரிதாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தது. மறு ஆண்டு துபாய் வானொலி மாநாடும் அதற்குத் தலையசைத்தது.

குச்சனூர் சனீஸ்வரனைக் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தகராறு புதிதில்லை. பழைய வாய்பாட்டு வாக்கியப் பஞ்சாங்கமா, வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதமா என்று நாம் காலம் காலமாகச் சண்டை போடுகிறோம். திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி 2026 மார்ச்சுக்குப் போனது. பழைய வாய்பாட்டை வானத்தைப் பார்த்துத் திருத்து என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடியவர், அதே சென்னை வானாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரி. திருத்திய பஞ்சாங்கமும் போட்டார். வேடிக்கை என்னவென்றால், வானத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தாதே என்று இன்று சொல்பவர்கள் விஞ்ஞானிகள்!

என் கட்சி அவர்கள் கட்சிதான். 2020-லிருந்து பூமி சற்று வேகமெடுத்திருக்கிறது. இப்படியே போனால் ஒரு நொடியைச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கழிக்க நேரலாம். அப்படிக் கழித்துப் பார்த்த அனுபவம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் கிடையாது. 21 நிமிடத்தைச் செரித்த ஊருக்கு, நூறாண்டில் ஒரு நிமிடம் நகர்ந்தால் குடி முழுகிவிடாது. லீப் நொடி போகட்டும்.

1906-ல் கடிகாரத்தைத் திருப்ப மாட்டேன் என்று அடம்பிடித்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு தன் நேரத்திலேயே வாழ்ந்த நகரம் ஒன்று உண்டு. அந்தப் பம்பாயின் கதை அடுத்த வாரம்.