அவையேறும் கேள்வி

ஒரு தோட்டம் கைமாறுகிறது. லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், சுடுகாடு, தமிழ்ப்பள்ளி நான்கும் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் சேர்த்து ஓர் அமைச்சரிடம் ஒரே கேள்வியாக மலேசிய நாடாளுமன்றத்தில் கேட்க முடியுமா? முடியாது. பள்ளி கல்வி அமைச்சைச் சேர்ந்தது. லயத்து வீடு, தொழிலாளர் நலன் என்ற வகையில், மனிதவள அமைச்சின் கீழ் வருகிறது. கோயில் நிற்கும் நிலமும் சுடுகாடும் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை அப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறது. செங், பாயா ரும்புட் முதல் ஜாசின், அலோர் காஜா வரை மலாக்காத் தமிழர் வாழ்வின் பெரிய கேள்விகள் பலவும் இந்தப் பிரிவினைக் கோட்டின் மேலேயே நிற்கின்றன.

அமைச்சரைக் கேள்வி கேட்கும் வழக்கம் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் 1721-இல் தொடங்கியதாகப் பதிவு உண்டு. நம் மக்களவை 1959 செப்டம்பர் 11 அன்று முதன்முதலாகக் கூடியபோது அந்த மரபையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது. மலாக்காவில் பிறந்த டான் செங் லோக், 1923 முதல் 1934 வரை நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்தவர். அங்கே அவர் காலனி அதிகாரிகளிடம் கணக்குக் கேட்டதையும் இம்மரபின் நம் ஊர்க் கிளை என்றே கொள்ளலாம்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை மக்களவைக் கூட்ட விதிகளின் 23ஆம் விதி வகுக்கிறது. கேள்வியில் வாதம், ஊகம், சொந்தக் கருத்து, பழிச்சொல், ஏளனம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு தகவலைச் சொல்லிக் கேட்டால் அது மெய் என்பதற்குக் கேட்பவரே பொறுப்பு. நாளிதழில் வந்தது உண்மையா என்று அமைச்சரிடம் கேட்க இடமில்லை. ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற கற்பனைக் கேள்விக்கும் இடமில்லை. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது, இயல்பிலேயே இரகசியமானது, முழுமையாகப் பதில் தரப்பட்டது ஆகியவையும் தள்ளுபடியாகும். நீதிபதியின் நடத்தையைத் தனித் தீர்மானம் இன்றி இரு அவைகளிலும் பேசவே முடியாது. அதற்கும் உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினராவது முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது அரசமைப்பின் 127ஆம் பிரிவு.

இவற்றில் பெரும்பாலானவை நியாயமானவை என்பதே என் எண்ணம். பொய்த் தகவலை அவையில் வீசிவிட்டு ஒருவர் போய்விட முடியாது என்பது மக்களுக்கே பாதுகாப்பு. ஆனால் ‘வழக்கு நிலுவை’, ‘இரகசியம்’ என்னும் இரண்டும் ஆட்சியில் இருப்பவர்க்கு மிக வசதியான கதவுகள். எந்தக் கேள்வியையும் திருத்தவோ தள்ளவோ சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு. அவர் முடிவை எதிர்க்கத் தனித் தீர்மானம் ஒன்றே வழி. 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பண்டிகார் அமின் மூலியா சபாநாயகராக இருந்தபோது, அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி குறித்த கேள்விகள் தள்ளப்பட்டன. நாடே பேசிக்கொண்டிருந்ததை நாட்டின் மன்றம் கேட்க முடியாமல் போனது, விதியின் நோக்கத்துக்கே நேர்ந்த கேடு.

தனிமனிதர் ஒழுக்கத்தைக் கேள்வி நேரத்தில் குற்றம் சாட்ட முடியாது. பேச்சிலோ தீர்மானத்திலோதான் அதைச் சொல்ல வேண்டும். ஈப்போ வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம் 1964-இல் தம் மன்ற உரையில் அன்றைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது ஊழல் குற்றம் சாட்டினார். ‘வெளியே வந்து சொல்’ என்று அமைச்சர் சவால் விட்டார். மன்றத்துக்குள் பேசியதற்கு எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற பாதுகாப்பை விட்டுவிட்டு, சீனிவாசகம் வெளியே வந்து அதையே சொன்னார். அவதூறு வழக்குத் தொடுத்த அமைச்சர் 1965-இல் தோற்று, பதவியும் விலகினார். இந்தியாவிலோ தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் செய்த முதலீடு பற்றி மக்களவையில் எழுந்த கேள்விகள் விசாரணையில் முடிந்து, 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகக் காரணமாயின.

தோட்டத்து மக்களை அதிகம் தடுத்த விதி இவற்றுள் எதுவும் அல்ல. ‘இது என் அமைச்சின் பொறுப்பில் இல்லை’ என்ற பதில்தான் தடுத்தது. அமைச்சர் தம் அதிகாரத்துக்கு உட்பட்டதற்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தோட்டத் துண்டாடலை எடுத்துக்கொள்வோம். வேலை இழந்தவர் நிலை கூட்டரசின் கவலை. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க அனுமதிப்பதோ மாநிலத்தில் அமையும் தோட்ட நில வாரியம். மலாக்காவில் 1967-இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கையோடு கோலாலம்பூர் நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். அமைச்சரை நேரில் கேட்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

இன்று அந்த வழியோடு இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது: சரியாக எழுதப்பட்ட கேள்வி. ‘தமிழ்ப்பள்ளிகளை அமைச்சர் ஏன் புறக்கணிக்கிறார்?’ என்று எழுதினால் அது வாதம், பழி. அவைக்கு வரும் முன்பே நின்றுவிடும். ‘தோட்ட நிலம் விற்கப்பட்டால் பள்ளி என்னவாகும்?’ என்பதும் கற்பனையாகக் கருதப்படலாம். ‘மலாக்காவில் தனியார் நிலத்தில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் எவை, ஒவ்வொன்றின் நில உரிமையையும் பெற அமைச்சு இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன?’ என்று கேட்டால் தள்ளுவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

அதே வேளையில், ஆயர் குரோவின் செரி நெகிரி வளாகத்தில் கூடும் 28 உறுப்பினர் கொண்ட மலாக்கா சட்டமன்றத்தில் முதலமைச்சரிடம் இரண்டாவது கேள்வி போக வேண்டும்: ‘இப்பள்ளிகளுக்கு நிலம் ஒதுக்கக் கோரி வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அவை எந்த நிலையில் உள்ளன?’ இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பதிவானால், கூட்டரசு மாநிலத்தையும் மாநிலம் கூட்டரசையும் கைகாட்டுவது கடினம்.

இதற்கு வேண்டிய விவரங்கள் பள்ளி வாரியத்திடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும்தான் கிடைக்கும். நிலத்தின் லாட் எண், உரிமையாளர் பெயர், அனுப்பிய கடிதங்களின் நாள், கிடைத்த பதில், மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் இருவரிடமும் கேள்வி முன்னறிவிப்புக்குரிய கெடு முடியுமுன் சேர்க்க வேண்டும். உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. எழுத்துப்பூர்வமாக வரும் பதிலின் நகல் பள்ளிக் கோப்பில் இருக்கட்டும். அடுத்த கூட்டத்தொடரில் தொடர்கேள்வி எழுத அது வேண்டும்.